அரைக் கட்டை

ஆவணி மாதத்துக்கு இத்தனை முகூர்த்த நாட்களை ஒதுக்கியவர் யாரோ தெரியவில்லை பாய், ஆனால் அவருக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் கொஞ்சம் பரத்திப் போட்டிருப்பார். ஒரே ஞாயிற்றுக்கிழமை மாலையில் பம்மலில் ஒரு வரவேற்பு, கோவிலம்பாக்கத்தில் ஒரு வரவேற்பு, சேலையூரில் ஒரு அறுபதாம் கல்யாணம். மூன்று மேடைக்கும் கீபோர்டுப் பொட்டி வாசிக்க ஆள் வேண்டும். மூன்று பேரும் கூப்பிடுவது என்னைத்தான்.

"வாயால சொல்லாத ஷ்யாமு, எழுதிக் குடு. சங்கத்துல வெச்சிப் பேசிக்கலாம்" என்று நீங்கள் சொன்னீர்கள். எழுதுகிறேன். நீங்கள் மெல்லிசைக் கலைஞர் சங்கத்தின் செயலாளர். பம்மல் குழுவின் முதலாளியும் நீங்களே. உங்களுக்குத் தெரிந்த பல விஷயங்கள் கமிட்டியில் மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டது கோவிலம்பாக்கம் குழுவின் பாடகிகள் ஹெப்சி, நிஷா இருவருக்கும் தொண்டை கட்டிய தேதிகளைப் பற்றி மட்டும். நடந்தது எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

என் பெயர் ஷ்யாம்சுந்தர். இரும்புலியூரில் குடியிருக்கிறேன். பதினெட்டு வருடமாக மூன்று குழுக்களுக்கு வாசிக்கிறேன்: உங்கள் பம்மல் குழு, பரணியின் கோவிலம்பாக்கம் குழு, கிறிஸ்டி அண்ணனின் சேலையூர் குழு. யாருக்கும் நான் சொந்தமில்லை, ஆனால் மூன்று பேரும் என்னைத் தங்கள் ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி நினைக்க வைப்பதில்தான் தொழிலே இருக்கிறது. என் டைரியைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். பம்மலுக்கு நீலம், கோவிலம்பாக்கத்துக்குச் சிவப்பு, சேலையூருக்குப் பச்சை. ஆவணிப் பக்கத்தைப் பிரித்தால் பள்ளிக்கூட ஆண்டு விழாத் தோரணம் போல இருக்கும்.

ஒருமுறை மதியம் சேலையூரில் ஒரு காதுகுத்து முடித்துவிட்டு, ஸ்கூட்டரில் பொட்டியைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு, மேடவாக்கம் நெரிசலில் நெளிந்து கோவிலம்பாக்கம் மண்டபத்துக்குப் போய் மேடை ஏறிவிட்டேன். முதல் பாட்டு முடிந்த பிறகுதான் பார்த்தேன். எல்லாரும் சிவப்புக் கோட்டு போட்டிருக்கிறார்கள், நான் மட்டும் சேலையூர்ப் பச்சைக் கோட்டில் நிற்கிறேன். பரணி முறைத்தான். நான் மைக்கை வாங்கி, "இன்று உங்களுக்காகச் சிறப்பு விருந்தினராகக் கீபோர்டில் ஷ்யாம்" என்று அறிவித்தேன். மண்டபமே கைதட்டியது. பெண்ணின் மாமா மேடைக்கு வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஒரே நேரத்தில் இரண்டு நிகழ்ச்சி விழுந்தால் என்ன செய்வாய் என்று கமிட்டியில் யாராவது கேட்பார்கள். மாற்று ஆளை அனுப்பலாமே என்பார்கள். அனுப்பிப் பார்த்தவன் நான். ஆரம்பத்தில் கூடுவாஞ்சேரியில் நான்காவதாக ஒரு குழுவுக்கும் வாசித்தேன். குடும்பத்தோடு திருப்பதி போக வேண்டியிருந்தது. ஒரே ஒரு நாள் என்று சொல்லி ஒருவனை உட்கார வைத்துவிட்டுப் போனேன். மொட்டையடித்துக்கொண்டு திரும்பி வந்தால் அவன் எழுந்திருக்கவில்லை. இன்றைக்கும் அங்கே அவன்தான் வாசிக்கிறான். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பது சும்மா சொன்ன சொல் இல்லை. அன்றிலிருந்து மாற்று ஆள் என்ற பேச்சே கிடையாது.

சரி, வரமுடியாது என்று சொல்லிவிடலாமே என்றால், அதுவும் எனக்கு வராது. பம்மலுக்கு ஒருமுறை 'இல்லை' என்றால் அடுத்த முறை உங்கள் போன் வராது பாய், கோபித்துக்கொள்ளாதீர்கள், அதுதான் உண்மை. அதனால் யார் கேட்டாலும் தேதி கொடுத்துவிடுவேன். கொடுத்த தேதிகளில் பத்துக்கு ஏழு மோதல் தானாகவே தீர்ந்துவிடும். மழை வரும். பங்காளி வீட்டில் சாவு விழும். மாப்பிள்ளை வீட்டார் டிஜே போதும் என்பார்கள். நான் இரண்டு வர்ணத்தில் குறித்து வைத்துவிட்டு, எது ரத்தாகிறது என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். மீதி மூன்றுக்குத்தான் வழி தெரியாமல் பல வருடம் தவித்தேன். ஒரு மண்டபத்தில் பாதி, இன்னொன்றில் பாதி என்று ஓடி வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன்.

நம் துறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வாத்தியக்காரன் வரவில்லை என்றால் அவனை யாரும் மன்னிப்பதில்லை. பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டால் மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. முதலாளி திட்டமாட்டார். பெண் வீட்டார் கூடச் சண்டை பிடிக்கமாட்டார்கள். "பாவம், தொண்டை" என்று சொல்லி, நிகழ்ச்சியை வேறு குழுவுக்குக் கைமாற்றிவிடுவார்கள். கீபோர்டுக்குத் தொண்டை இல்லை. இந்த அநியாயத்தைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

ஹெப்சி பரணியின் குழுவில் நான்கு வருடம் பாடியிருப்பாள். தாம்பரத்தில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். அம்மா ஞானம்மாள் மட்டும்தான் அவளுக்கு. குரல் என்றால் அதுதான் குரல். ஐந்தரைக் கட்டையில் நின்று பாடும்போது, பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர் வாளியோடு நின்றுவிடுவார். இலையில் உட்கார்ந்தவர்கள் அவரைக் கூப்பிடுவதை மறந்துவிடுவார்கள். எனக்கு அவள் பாட்டு ரொம்பப் பிடிக்கும். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் குரலுக்கு வாசிப்பதைப் போன்ற சுகம் எனக்கு வேறெந்த மேடையிலும் கிடைத்ததில்லை.

கட்டை என்றால் சுருதியின் அளவு. கமிட்டியில் பொருளாளர் லைட்டிங் ஆள் என்பதால் சொல்கிறேன். ஒவ்வொருவர் தொண்டைக்கும் ஒரு கட்டை உண்டு. அதற்கு மேல் போனால் நரம்பு புடைக்கும். பரணியின் குழு சின்னது. நான், ஒரு ரிதம் பேடு, ஒரு டோலக், பாடுவதற்கு ஹெப்சியும் பரணியும். சுருதி சொல்கிற வாத்தியம் அந்த மேடையில் என்னுடையது ஒன்றுதான். என் பொட்டியில் ஒரு சின்னப் பட்டன் இருக்கிறது. அதை ஒருமுறை அழுத்தினால் எல்லாம் அரைக் கட்டை மேலே போய்விடும். விரல் வழக்கமான இடத்திலேயே வாசிக்கும், சத்தம் மட்டும் ஏறியிருக்கும். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பாடுகிறவருக்கும் சுருதி ஏறியிருக்கிறது என்று தோன்றாது. இன்றைக்கு என்னவோ முடியவில்லை என்றுதான் தோன்றும்.

முதல் தடவை நான் வேண்டுமென்று செய்யவில்லை. முந்தின நாள் கிறிஸ்டி அண்ணனுக்காக ஏற்றி வைத்ததை இறக்க மறந்துவிட்டேன். ஹெப்சி இருபத்துச் சொச்சம் பாட்டை அரைக் கட்டை மேலேயே பாடினாள். கடைசிப் பாட்டில் குரல் கரகரத்தது. "ஐஸ் வாட்டர் குடிச்சியா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். மறுநாள் அவளுக்குப் பேச்சே வரவில்லை. அதற்கு அடுத்த நாள் ஞாயிறு. எனக்குப் பரணியின் நிகழ்ச்சியும் உங்கள் நிகழ்ச்சியும் ஒரே நேரத்தில். முகூர்த்த நாளில் வேறு பெண் குரல் எங்கே கிடைக்கும். அதோடு அந்த வீட்டார் ஹெப்சியின் வீடியோவைப் பார்த்துத்தான் பேசியிருந்தார்கள். பரணி குரோம்பேட்டைக் குழுவுக்கு அதைக் கைமாற்றிவிட்டான். போன் செய்து, "ஷ்யாம் அண்ணா, சாரிண்ணா, உங்க டேட் வேஸ்ட்டா போச்சு" என்று என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டான்.

நான் பெருந்தன்மையாகப் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு பம்மலுக்கு வந்தேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. வரும் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன். பட்டன் ஏறியிருந்ததை அன்றைக்கு உங்கள் மேடையில் பொட்டியை ஆன் செய்தபோதுதான் கவனித்தேன்.

அடுத்த முறை காக்கையை நானே உட்கார வைத்தேன்.

நிதானமாக யோசித்துப் பார்த்தால் இதில் யாருக்கும் நஷ்டமில்லை. கல்யாணம் நின்றுபோகவில்லை. குரோம்பேட்டைப் பிள்ளைகளுக்கு ஒரு மேடை கிடைத்தது. எனக்கு வார்த்தை தவறாமல் இருந்தது. ஹெப்சிக்கு இரண்டு நாள் ஓய்வு. பாம்பும் சாகவில்லை, கோலும் முறியவில்லை. முதல் வருடம் நான்கு தடவைதான் செய்தேன். அதுவும் மோதல் தானாகத் தீரும் என்று கடைசி வரை காத்திருந்து பார்த்துவிட்டுத்தான். மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றிருக்கிறேன். வந்திருந்தால் அவளைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

அவளை நான் கவனித்துக்கொண்டது போல அவள் கூடப் பிறந்தவர்கள் இருந்திருந்தால் கூடக் கவனித்திருக்க மாட்டார்கள். சுருதி ஏற்றுகிற நாளில் வீட்டிலிருந்தே ஒரு பிளாஸ்க் எடுத்துப் போவேன். அதிமதுரம், மிளகு, பனங்கற்கண்டு போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். பத்துப் பாட்டு முடிந்ததும் மூடியில் ஊற்றி ஆற்றிக் கொடுப்பேன். "உங்களுக்கு மட்டும் எப்படிண்ணா முன்னாடியே தெரியுது?" என்று அவள் ஆச்சரியப்படுவாள். மேடையில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. "இன்னிக்கு அண்ணா பிளாஸ்க் கொண்டாந்திருக்காரு, என் தொண்டை காலி" என்பாள். டோலக் அடிப்பவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். எனக்கு நடிப்பு வராது பாய், உண்மையாகவே சிரிப்பு வந்தது.

இரண்டாவது வருடம் ஏழு தடவை ஆனது. முகூர்த்தங்கள் அப்படி அமைந்துவிட்டன. அதோடு அரைக் கட்டை போதவில்லை. அவள் கெட்டிக்காரி, முடியாத இடத்தில் குரலை மெலித்துக்கொண்டு தப்பிக்கக் கற்றுக்கொண்டாள். பாட்டு வரிசையை எழுதுவது நான்தான் என்பதால், உச்சத்தில் நிற்கிற பாட்டுகளை அடுத்தடுத்து வைத்தேன். நடுவில் பரணி பாடுகிற பாட்டுகளைக் குறைத்தேன். ஜனங்கள் ரசித்தார்கள். அந்த ஏழு நிகழ்ச்சிகள்தான் அவள் வாழ்க்கையிலேயே சிறந்தவை என்று நான் சத்தியம் செய்வேன். அடிவயிற்றிலிருந்து பாடினாள்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கமிட்டிக்கு இதுதான் முக்கியமாகப் படும் என்று நினைக்கிறேன்.

பரங்கிமலையில் கிறிஸ்தவப் பாட்டுகள் பதிவு செய்கிற ஒருவர், ஒரு கல்யாணத்தில் ஹெப்சியைக் கேட்டுவிட்டு, எட்டுப் பாட்டு உள்ள ஆல்பத்தை அவள் ஒருத்தியே பாடட்டும் என்று கூப்பிட்டிருந்தார். ரெக்கார்டிங் திங்கட்கிழமை காலை. அவள் இந்தச் செய்தியை முதலில் சொன்னது என்னிடம்தான். அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் என்னிடம் சொன்னாள். "நல்லா பாடிட்டா ஸ்கூல விட்டுடலாம்ணா, இதையே பார்க்கலாம்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கீபோர்டைத் தொட்டுக் கும்பிடச் சொன்னேன், கும்பிட்டாள். கிறிஸ்தவப் பெண், அப்படியெல்லாம் செய்ய வேண்டியதில்லை. எனக்காகச் செய்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் குழுவின் வெள்ளிவிழா நிகழ்ச்சி பாய். அதே மாலை பரணிக்குக் கோவிலம்பாக்கத்தில் ஒரு பெரிய வரவேற்பு. இரண்டுக்கும் நான் தேதி கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை வரை மழையும் இல்லை, சாவும் இல்லை. ரெக்கார்டிங்கைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நன்றாக யோசித்தேன். ரெக்கார்டிங் என்பது தள்ளிப்போடக்கூடிய விஷயம். மேடை நிகழ்ச்சியைத் தள்ளிப்போட முடியாது. இப்படி எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டுத்தான் பிளாஸ்க்கை நிரப்பினேன்.

அன்று மாலை பரணியின் மேடையில் ஒரு முழுக் கட்டை ஏற்றினேன். உச்சப் பாட்டுகள் ஆறு, வரிசையாக. மூன்றாவது பாட்டில் ஹெப்சி என் பக்கம் திரும்பினாள். பாடிக்கொண்டே, கட்டைவிரலை மேலே காட்டிப் புருவத்தை உயர்த்தினாள். சுருதி மேலே இருக்கிறதா என்று கேட்பதற்கு நம் மேடைகளில் அதுதான் ஜாடை. நான்கு வருடத்தில் அவள் அப்படிக் கேட்டது அது ஒரே முறை. அவள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் தொண்டையைக் காட்டி, உனக்குத்தான் கட்டியிருக்கிறது என்று கையை அசைத்தேன்.

அவள் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டு பாட்டுக்குத் திரும்பினாள். இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாடினாள். பிசகு தன்னுடையது என்று நினைத்தால் அவள் எப்போதும் அப்படித்தான், இரண்டு மடங்கு உழைப்பாள். இறங்கி வரும்போது, "இப்பல்லாம் என் காதே சரியில்லண்ணா. சுதி ஏறி இருக்கிற மாதிரியே கேக்குது" என்று ரகசியம் போலச் சொன்னாள். அது குரலா மூச்சா என்று சொல்ல முடியவில்லை. பிளாஸ்க்கில் மிச்சமிருந்ததை முழுதும் அவளுக்கே கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் உங்கள் வெள்ளிவிழாவில் வாசித்தேன். எப்படி வாசித்தேன் என்று நீங்களே சொல்லுங்கள். நீங்கள் மைக்கைப் பிடித்து, "பதினேழு வருசமா ஒரே ஒரு டேட் கூட மிஸ் பண்ணாத மனுசன் நம்ம ஷ்யாமு" என்று சொல்லி எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். அதை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். என் மனைவி அதைப் பிரிக்கக்கூட விடமாட்டாள்.

திங்கட்கிழமை ஹெப்சி பரங்கிமலைக்குப் போனாள். தள்ளிப்போடு என்று நான் எடுத்துச் சொல்லலாம் என்றிருந்தேன், ஆனால் அவள் போனை எடுக்கவில்லை. பேச முடியாததால் எடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. இரண்டாவது வரியில் குரல் உடைந்திருக்கிறது. அவர்கள் நல்லவர்கள், டீ வாங்கிக் கொடுத்து, ஆட்டோ பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு குரல் சரியாகத் திரும்பவில்லை. டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, குரல்நாணில் முடிச்சுகள் இருப்பதாகவும், நெடுநாள் தொடர்ந்து அழுத்திப் பாடியதால் வந்தது என்றும் சொன்னார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதைத்தான் அவர் இங்கிலீஷில் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது நான்தான். ஆபரேஷன் அன்று வராந்தாவில் ஞானம்மாள் அக்காவுக்குப் பக்கத்தில் முழுப் பகலும் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஒரு சேலையூர்த் தேதி இருந்திருக்க வேண்டியது, நல்லவேளையாக அது தானாகவே ரத்தாகிவிட்டது. ஞானம்மாள் அக்கா கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். மகளின் பேருக்கு அடுத்து என் பேரைச் சொன்னது காதில் விழுந்தது.

பள்ளிக்கூட வேலை போய்விட்டது. முப்பது குழந்தைகளை மூச்சுக்காற்றால் மேய்க்க முடியாது. இப்போது தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். எத்தனை காப்பி என்று வருகிறவர்களே சொல்லிவிடுவார்கள், இவள் பேச வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டுத்தான் வருவேன். என்னைப் பார்த்தால் முகமெல்லாம் சிரிப்பாள்.

அவள் இடத்துக்கு நிஷா வந்தாள். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். கடற்காற்றில் கத்திப் பேசி வளர்ந்த தொண்டை, இரும்பு மாதிரி. நிஷாவிடம் மூன்று தடவைதான் செய்தேன். இரண்டு தடவை தொண்டை கட்டியது, ஒருநாள் ஓய்வில் திரும்பி வந்துவிட்டது. அவளைப் பற்றிக் கமிட்டி கவலைப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது தடவைதான் இரும்புலியூர் ஆடித் திருவிழா. கூழ் ஊற்றுகிற ஞாயிறு, மாலை மேடை. மறுநாளும் அதற்கு மறுநாளும் கோயில் மேடைகள், எனக்குச் சிவப்பும் நீலமும் ஒரே கட்டத்தில் விழுந்திருந்தன. அன்று பட்டனை அழுத்திவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பரணிக்குத் திடீரென்று ஒரு ஆசை. முதல் அம்மன் பாட்டுக்குக் கோயில் நாதஸ்வரத்தையும் மேடையில் ஏற்றிவிட்டான். ஒத்திகை கிடையாது, முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. நாதஸ்வரம் துலுக்காணம் அவர்கள். ஹெப்சி மாதிரி பக்கவாட்டில் திரும்பிப் பார்த்து ஜாடை காட்டுகிற ஆள் இல்லை அவர். முதல் ஊதலிலேயே இரண்டும் முட்டிக்கொண்டன. தெருவில் நின்ற நாயே எழுந்து போய்விட்டது. அவர் வாத்தியத்தை இறக்கினார்.

"இன்னா சார் இது, உன் பொட்டி அரைக் கட்டை மேல பேசுது?"

"உங்க சீவாளியைப் பாருங்க" என்று அவர் வாயில் வைத்து ஊதுகிற துண்டைக் காட்டினேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

"த பாரு, சீவாளி மேல பழி போடாத. நாப்பது வருசமா இதே கொழா, இதே சுதி. அத்த மாத்த எங்கிட்ட பட்டன் கிட்டன் ஒண்ணும் கெடையாது. உன்கிட்ட கீதா பாரு."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே பட்டனை இறக்கினேன். பாட்டு அருமையாக அமைந்தது. முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருந்த நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. மேடைக்குப் பின்னால் வந்து, என் பொட்டியில் அந்தச் சின்ன எண் எரிகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு டைரியைக் கேட்டீர்கள். நான் உடனே கொடுத்தேன். மறைக்க என்ன இருக்கிறது. நீங்கள் உங்கள் போனில், பரணி கைமாற்றிவிட்ட பழைய நிகழ்ச்சிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு தேதியாக விரலை வைத்தீர்கள்.

"அந்தப் பொண்ணுக்குத் தொண்டை கட்டுன அன்னிக்கெல்லாம் நீ என் மேடைல கீற. இப்ப இந்தப் பொண்ணுக்கும் அதே கதை. எப்பிடிப்பா?"

அன்றைக்கு நான் மேடை ஏறிவிட்டேன். அடுத்த பாட்டுக்கு நேரமாகிவிட்டது. இப்போது எழுதியே கொடுத்துவிட்டேன். தெரியாமல் நடந்தது ஒன்று. தெரிந்து செய்தது, ஹெப்சிக்குப் பதினொன்று, நிஷாவுக்கு மூன்று. எண்ணிக்கையில் தவறு இருக்காது. அந்த நாட்களில் டைரியின் மூலையில் ஒரு சின்னப் புள்ளி வைத்திருப்பேன். எந்த நிறத்தில் என்று கேட்டால், கறுப்பு. மூன்று குழுவுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று.

கமிட்டி என்னை எவ்வளவு நாள் நிறுத்தி வைக்கும் என்று தெரியவில்லை. ஒரு வேண்டுகோள் உண்டு. வருகிற ஆவணிக்கு மூன்று குழுவுக்கும் ஏற்கெனவே தேதி கொடுத்துவிட்டேன். ஒரு ஞாயிற்றில் மூன்றும் ஒன்றாக விழுகிறது. நான் பார்த்துக்கொள்கிறேன். தண்டனை எதுவானாலும் அதற்குப் பிறகு வைத்துக்கொண்டால், பதினெட்டு வருடத்துப் பெயர் கெடாமல் இருக்கும்.

கடைசியாக ஒன்று. ஷ்யாம் ஈரமில்லாதவன், அந்தப் பெண்ணுக்குத் துரோகம் நினைத்தவன் என்று கமிட்டியில் பேச்சு வரலாம். அப்படி வந்தால் என்னிடமும் கேட்க வேண்டாம், பரணியிடமும் கேட்க வேண்டாம். ஹெப்சியையே கூப்பிட்டுக் கேளுங்கள். ஷ்யாம் அண்ணா எனக்கு எப்படிப்பட்டவர் என்று அவளே சொல்வாள். காலையில் கூப்பிடுங்கள் பாய், பதினொரு மணிக்குள். அதற்கு மேல் அவளுக்குக் குரல் வராது.